சும்மா நிற்கும் சுவர்

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பேச்சை எடுத்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிற அக்காதான் உன் பழைய தோழியிடம் கேட்டு இந்த முகவரியை வாங்கித் தந்தார். பதிலை அவர் கடைக்கே போடு.

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீ போன பிறகு அப்பா வீடு வாங்கிவிட்டார். பழைய வீடு, ஆனால் சொந்த வீடு. வாடகைக்கு இருந்த வீடுகளில் எல்லாம் 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று சொல்வார்களே, நினைவிருக்கிறதா? சாவி கைக்கு வந்த அன்றே அப்பா கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு சுத்தியல் அவர் கையை விட்டு இறங்கவில்லை. செருப்புக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் ஏணியில் ஏறிவிடுகிறார். எந்த வேலைக்கும் ஆள் வைக்க மாட்டேன் என்கிறார். அவர் மாட்டிய அலமாரி பாத்திரங்களோடு கீழே வந்தது. குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்; வாட்டம் மாறிப்போய், குளிக்கிற தண்ணீர் படுக்கிற அறைக்கு வருகிறது. "வீட்டுக்குள்ளயே ஆறு ஓடுது, மீன் விட வேண்டியதுதான் பாக்கி" என்றாள் அம்மா. குளியலறை ஸ்விட்சைப் போட்டால் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. "யாராவது குளிக்கப் போங்களேன், வேர்க்குது" என்று அதற்கும் சிரித்தாள்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையில் இருக்கிற சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கப் போகிறாராம். வீட்டை விற்ற பெரியவர் சாவி கொடுக்கும்போது, "நடுச்சுவரை மட்டும் நான் சும்மா விட்டிருக்கேன்" என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அப்பா அதை, "அது சும்மா நிக்கிற சுவர், அவரே சொல்லிட்டார்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். "அப்பா, அவர் சும்மா விட்டிருக்கேன்னுதானே சொன்னார்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்டி, போய்ப் படி" என்றார்.

இரண்டும் ஒன்றா அக்கா? மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி அந்தச் சுவருக்கு நேர்மேலே இருக்கிறது. நான் ஏறிப் பார்த்தேன்.

நீ ஒரு வரி எழுதினால் நிறுத்துவார் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 16

என் செல்ல வாலு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பேருந்தில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் இடம் கொடுத்தார், கால் வலி என்று நினைத்துக்கொண்டு. நான் நன்றாக இருக்கிறேன். பொட்டலம் கட்டுகிற வேலைதான், ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை. மாமாவும் நலம். உன் தலைவலி விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் எப்படி?

கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. யாரோ கேட்டதுபோலக் கேட்டேன். அவர் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர் ஆயிற்றே. சுவரின் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்றார். விரிசல் எங்காவது தெரிந்தால், அதன் குறுக்கே மெல்லிய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி வைக்க வேண்டுமாம். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். பிறகு அதன் அடியில் யாரும் இருக்கக் கூடாது.

ரொம்பவும் பயப்படாதே. அப்பா இரண்டு அடி அடிப்பார், கை வலிக்கும், விட்டுவிடுவார். நான் எழுதி என்ன ஆகப்போகிறது? போன வருடம் போட்ட கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. உறையின் மேல் 'இப்படி யாரும் இங்கே இல்லை' என்று அவர் எழுத்து. நீயும் அம்மாவும் பேசிப் பாருங்கள்.

நன்றாகப் படி. இரவில் கண் விழித்து எழுதாதே.

முத்தங்களுடன்,
அக்கா


ஏப்ரல் 4, இரவு

அன்புள்ள அக்கா,

உனக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்குத் தலைவலி இல்லை, தூக்கம்தான் இல்லை.

அப்பா விடவில்லை. முதலில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை போட்டார். அதன் வழியே தலையை நீட்டி, "காத்து வருதா பார்" என்றார். தூசிதான் வந்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு லாரி டிரைவர் வந்தார்.

"சார், தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"ஏன், உங்க லாரிய நீங்கதானே ஓட்டுறீங்க? ஆளா வெச்சிருக்கீங்க?"

"எனக்கு லாரி ஓட்டத் தெரியும் சார்."

அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் இடிக்கிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். செங்கல்லை எடுத்துக் கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஏதோ முணுமுணுத்தார். கிட்டே போன பிறகுதான் கேட்டது. "தீப்பெட்டியாம். தீப்பெட்டி."

நீ போன அன்று சொன்னாயே அக்கா, 'இது வீடா, தீப்பெட்டியா, இதுக்குள்ள என்னால மூச்சுவிட முடியல' என்று. அதைத்தான் இடிக்கிறார். உன் பெயரைச் சொல்வதில்லை, ஆனால் உனக்காகத்தான் கூடம் பெரிதாகிறது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் பலமாகத் தடுப்பதில்லை.

பாதிச் சுவர் போய்விட்டது. மேலே கூரையில் முடி போல ஒரு கோடு விழுந்திருக்கிறது. நீ சொன்னபடி ஏணி வைத்துக் காகிதம் ஒட்டினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளைக்கு நானும் அம்மாவும் உன்னிடம் வந்து இருக்கலாமா? மூலையில் படுத்துக்கொள்வோம். மாமாவுக்குத் தொந்தரவு தர மாட்டோம். நீ 'வா' என்று எழுதினால் அம்மாவை எப்படியாவது கிளப்பிவிடுவேன்.

உன் தங்கை


ஏப்ரல் 29, இரவு

அன்புள்ள அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? உனக்கு உடம்பு சரியில்லையா? தினமும் தையல்கடையில் எட்டிப் பார்க்கிறேன். "என்னடி, மாப்பிள்ளை கடுதாசி இன்னும் வரலையா?" என்று கேலி செய்கிறார். நேற்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திவிட்டார்.

காகிதம் கிழிந்துவிட்டது. அதற்குமேல் இன்னொன்று ஒட்டினேன். அதுவும் கிழிந்தது.

வேறு வழி தெரியாமல், தையல்கார அக்காவோடு போய் வீட்டை விற்ற பெரியவரைப் பார்த்தேன். அவர் மகன் வீட்டில் இருக்கிறார். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம், தற்செயலாக வந்ததுபோல வாருங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார், உள்ளே காலை வைக்கவில்லை.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"நீங்கதானே சொன்னீங்க, சும்மா நிக்கிற சுவர்னு."

"சும்மா விட்டிருக்கேன்னு சொன்னேன். கை வைக்காம விட்டிருக்கேன்னு அர்த்தம். என் பசங்களை அதுல ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல நான். இந்த வீட்டையே அதுதான்யா தூக்கிட்டு நிக்குது. முதல்ல தொட்டித் தண்ணிய இறக்கு. இவங்களை வெளிய அனுப்பு. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு."

அப்பா திரும்பிக் கூரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்களும் ஒரு வீட்டுக்காரர்தானே. ஆணி அடிக்காதேன்னுதான் சொல்வீங்க."

பெரியவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அன்று சாயங்காலம் அப்பா மரக்கடையிலிருந்து ஒரு தடிக்கட்டையைத் தோளில் சுமந்து வந்தார். இடித்த இடத்துக்கு நடுவே நிறுத்தி, கூரைக்கு முட்டுக் கொடுத்தார். "இது கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார், நாங்கள் யாரும் கேட்காமலேயே. தொட்டியை இறக்கவில்லை. ஆளையும் கூப்பிடவில்லை.

நான் கேட்டதற்குப் பதில் எழுது. முடியாது என்றாலும் எழுது.

உன் தங்கை


மே 25

வாலு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கூடத்தில் படுக்காதீர்கள். பின்னறையில், வெளிச்சுவரை ஒட்டிப் படுங்கள். அந்தக் கட்டையை யாரும் தொடக் கூடாது. காலால் இடிக்கக்கூடக் கூடாது.

தீப்பெட்டி என்று நான் சொன்னேனா? எனக்கு நினைவில்லை. கோபத்தில் ஆயிரம் சொல்லியிருப்பேன்.

பரீட்சை எப்படி எழுதினாய்?

அக்கா


ஜூன் 8, இரவு

அன்புள்ள அக்கா,

நீ எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. ஆனாலும் பத்து தடவை படித்தேன். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே, அவர் நலமா? நான் கேட்டதைப் பற்றியும் இல்லை. படிக்காமல் விட்டுவிட்டாயோ என்று நினைத்தேன். ஆனால் அதே கடிதத்தில் இருந்த தீப்பெட்டிக்குப் பதில் எழுதியிருக்கிறாய்.

பரீட்சை சரியாக எழுதவில்லை.

சுவர் முழுவதும் போய்விட்டது. செங்கல்லையெல்லாம் பின்பக்கம் அடுக்கியாயிற்று. இப்போது உள்ளே நுழைந்தால் பெரிய கூடம், நடுவில் அந்தக் கட்டை. அப்பா அதைச் சுற்றிக்கொண்டே நடக்கிறார், அங்கே அது இல்லாததுபோல. நேற்று அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். நான்கு நாற்காலி. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான்காவதை யாரும் பார்க்கவில்லை. "இப்போ மூச்சு விடலாம்ல?" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

கூடத்துக் கதவு இப்போது சாத்த வருவதில்லை, மேலே இடிக்கிறது. அப்பா கதவின் தலையை இழைப்புளியால் சீவி விடுகிறார். ஒரு வாரம் சாத்துகிறது, பிறகு மறுபடியும் இடிக்கிறது. கதவு வளர்கிறது என்கிறார். கதவு எப்படி வளரும் அக்கா? கூரை இறங்குகிறது.

நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். லாரி டிரைவர் மாமாவும் மறுபடி வந்து சொல்லிப் பார்த்தார், அப்பா கதவைத் திறக்கவில்லை. அம்மாவிடம், "போயிடலாம்மா" என்றேன். "இந்த ஆளை இதுக்கடியில தனியா விட்டுட்டு எங்கடி போறது?" என்றாள். அவள் இப்போதெல்லாம் கேலியே செய்வதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜூலை 2

என் கண்ணே,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பதை இன்றாவது உண்மையாக எழுதிவிடுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது மாமா இங்கே இல்லை. வேறு ஊரில் வேலை என்று போனார். போனவர் அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். வாடகை அறையைக் காலி செய்துவிட்டேன். கம்பெனி கிடங்குக்குப் பின்னால் பெண்கள் படுக்க ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கேதான் இருக்கிறேன். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவளை எழுப்ப வேண்டும். நீ 'வா' என்று ஒரு வார்த்தை கேட்டாய். அதை எழுதிப் பார்த்தேன். எங்கே வா என்று எழுதுவது?

தீப்பெட்டி என்று சொன்னது நான்தான். நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அப்பா முகம் போன போக்கும் நினைவிருக்கிறது.

கொட்டகையையும் இம்மாதம் இருபதாம் தேதியோடு மூடுகிறார்கள். எனக்குப் போக வேறு இடமில்லை வாலு. நான் வீட்டுக்கு வருகிறேன். இருபதாம் தேதி காலை வண்டி. அப்பா காலில் விழுந்தாவது கேட்கிறேன். அப்பாவிடம் நீயே மெல்லச் சொல்லி வை. மாமா விஷயம் மட்டும் வேண்டாம், அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

நீ தனியாக அழாதே. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உன் பழைய போர்வையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் முக்காலியில் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். "அக்கா வராளாம்பா, இருபதாம் தேதி" என்றேன். தலைக்குமேல் ஏதாவது விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எழுதினியா அவளுக்கு?"

"ஆமாம்பா."

"வீட்டைப் பத்தி எழுதினியா?"

"எழுதினேன்."

"நல்லா எழுதினியா?"

"நல்லாத்தான் எழுதினேன்."

இறங்கி வந்து என் தலையில் கையை வைத்தார். முடியெல்லாம் சுண்ணாம்பு. "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார். இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து எழுதினேனே, அதற்கு இதுதானா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. நீ வந்து சொன்னால் ஆளைக் கூப்பிடுவார். தொட்டியை இறக்குவார். நீ சொன்னால் கேட்பார் அக்கா. சீக்கிரம் வா.

உன் தங்கை


ஜூலை 14, இரவு

அக்கா,

இதையும் யாரிடமும் காட்டாதே. அப்பாவிடம் ஒருபோதும் சொல்லாதே. நலம் விசாரிக்க நேரமில்லை. விடிந்ததும் தையல்கார அக்கா முதல் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இருபதுக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ வராதே.

உனக்குப் போக இடமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் செய்தது பெரிய தப்பாகிவிட்டது. நீ வருகிறாய் என்று சொன்னால் நிறுத்துவார் என்று நினைத்தேன். மறுநாளே கடைக்கு லீவு சொன்னார். கூடம் முழுக்க இளநீலம் அடித்தார், ஜன்னலுக்குத் திரை போட்டார். எல்லாம் முடிந்ததும் வாசலில் போய் நின்று, நீ உள்ளே வருவதுபோலவே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "கட்டைதான் கண்ணை உறுத்துது" என்றார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"பெரியவ வந்து, நடு வீட்டுல என்னப்பா கட்டைன்னு சிரிப்பா. இத்தனை நாள் சுவர் இல்லாம நின்ன கூரை, கட்டை இல்லாம நிக்காதா?"

"அந்தக் கட்டையாலதாங்க நிக்குது."

"உனக்கென்ன தெரியும்?"

சுத்தியலை எடுத்து வந்தார். அம்மா அவரை முந்திக்கொண்டாள். போய்க் கட்டையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி. ஒரு நிமிஷ வேலை."

"எனக்கு முதுகு வலி. இங்க சாஞ்சா நல்லா இருக்கு."

அன்றிலிருந்து அம்மா அங்கேதான் இருக்கிறாள். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. அவள் எழுந்து போகவேண்டிய நேரத்தில் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். முதுகில் கட்டை லேசாக முனகுவது தெரியும். அப்பா அடிப்பதில்லை, திட்டுவதுமில்லை. எதிரே நாற்காலி போட்டு, மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "பொண்ணு வர நேரத்துல இப்படிப் பண்றியே" என்று அம்மாவைக் கெஞ்சுகிறார். அவர் குரலைக் கேட்டால் உனக்குக் கோபம் வராது அக்கா. அதனால்தான் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. கெட்டவராக இருந்தால் யாரையாவது கூப்பிட்டுப் பிடித்து வைக்கலாம்.

அம்மாவுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. இன்று நான் இருக்கிறேன் என்றேன். "நீ பின்னறைக்குப் போ, அங்கதான் நீ இருக்கணும்" என்று அனுப்பிவிட்டாள். எத்தனை நாள் இப்படி உட்கார முடியும்?

நீ அவருக்கு நேராக எழுது. இந்த முறை உறையைப் பிரிப்பார், தபால்காரரைத் தினமும் தெருமுனை வரை போய்ப் பார்க்கிறார். இப்போது வரவில்லை, எப்போது வருவேன் என்று தெரியாது என்று எழுது. காரணம் எதுவும் எழுதாதே. அவர் உடைந்துபோவார், தெரியும். ஆனால் நீ வரவில்லை என்றால் கட்டையை எடுக்க அவருக்கு அவசரம் இருக்காது. அதற்குள் நான் லாரி டிரைவர் மாமாவிடம் சொல்லி எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா அல்ல, அவர் உள்ளங்கையால் தட்டுவார். இது விரல் நுனியால். அம்மாதான். "சின்னவளே, கொஞ்சம் தண்ணி குடுடி" என்கிறாள், குரல் காய்ச்சலில் குழறுகிறது. அம்மா எழுந்து இங்கே வந்துவிட்டாள் என்றால் அக்கா, அங்கே கட்டையில் யார்